பிரியாவிடை விழாவில் வேடர் மரபு: எந்த வழி சரிவரும்?

திருகோணமலை மாவட்டத்தின் மூதூர் கிழக்கில் எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், இந்த முறை பிரியாவிடை விழாவில் இலங்கைப் பழங்குடிகளான வேடர் சமூகத்தின் மரபுக்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. வந்ததும் ஆளுக்கொரு யோசனை. நடன ரீச்சர் "வேடர் நடனம் ஒன்று பழக்கிவிடுகிறேன்" என்றார். பெற்றோர் ஒருவர் ஊர் மூத்தவரை அழைத்து ஆசி சொல்ல வைக்கலாம் என்றார். பழைய மாணவர் ஒருவர் கைபேசியில் கனடாவில் நடந்த பட்டமளிப்பு வீடியோ ஒன்றைக் காட்டி, அங்கே பழங்குடிப் பிள்ளைகள் கழுகிறகு அணிந்து வருவதுபோல இங்கும் உடையில் ஏதாவது செய்யலாம் என்றார். சடங்கையே மேடைக்குக் கொண்டுவரலாம் என்று ஒரு குரல். "எதுக்கு இந்த வில்லங்கம், வழமைபோல நடத்திவிட்டுப் போவோம்" என்று இன்னொரு குரல். முடிவெடுக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன். அதனால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

வேடர் என்றதும் உள்நாட்டு வேடரின் ஊரான தம்பானையும், தாடியும், தோளில் தொங்கும் கோடரியும்தான் பலருக்கு ஞாபகம் வரும். தொலைக்காட்சியில் காட்டுவது அதைத்தான். திருகோணமலை மாவட்டத்தில் இருப்பவர்கள் கரையோர வேடர்கள். நல்லூர், பாட்டாளிபுரம், சந்தோசபுரம், இலக்கந்தை, உப்பூறல் என்று மூதூர் கிழக்கிலும், அங்கிருந்து வெருகல் வழியாக மட்டக்களப்பின் வாகரைப் பக்கமும் இவர்களின் ஊர்கள் இருக்கின்றன. பேசுவது தமிழ். காடு, கடல், களப்பு மூன்றையும் நம்பிய பிழைப்பு: தேன், விறகு, கிழங்கு, மீன், நண்டு, இப்போது கூலி வேலையும். மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட வேடர் ஆய்விலேயே கரையோர வேடருக்குத் தனி அத்தியாயம் உண்டு. ஆக இது யாரோ நேற்றுக் கண்டுபிடித்த அடையாளம் இல்லை. 2006 இல் சண்டை மூண்டபோது மூதூர் கிழக்கில் எல்லோரோடும் சேர்ந்து இவர்களும் இடம்பெயர்ந்தார்கள், பிறகு திரும்பி வந்தார்கள். திரும்பியவர்களின் வீட்டுப் பிள்ளைகள்தான் இன்று எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள்.

எப்படிச் சேர்ப்பது என்பதற்கு முன்னால், எந்த விழாவில் சேர்ப்பது என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. கூட்டத்தில் இதை யாரும் கேட்கவில்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் பாடசாலை முடிகிற இடத்தில் ஒரு பெரிய பட்டமளிப்பு வைக்கிறார்கள். நமக்கு அப்படி ஒன்று இல்லை. முன்பள்ளியில் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கறுப்பு அங்கியும் தொப்பியும் மாட்டி "பட்டமளிப்பு" நடத்துகிறோம். பிறகு ஓஎல் (சாதாரண தர) வகுப்புக்கு ஒரு பிரியாவிடை, ஏஎல் (உயர்தர) வகுப்புக்கு இன்னொன்று, நடுவில் பரிசளிப்பு விழா. இதில் செலவும் பந்தலும் பிரதம விருந்தினரும் ஏஎல் பக்கம்தான் அதிகம். ஆனால் அந்த மேடையில் வேடர் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் நிற்கிறார்கள்? பலர் ஓஎல் பரீட்சைக்கு முன்பே நின்றுவிடுகிறார்கள். தகப்பனோடு கடலுக்கோ காட்டுக்கோ போகிற பெடியன், தாய் கூலிக்குப் போனால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை என்று வீட்டுக்கொரு காரணம். அவர்களில் ஒருவருமே இல்லாத மேடையில் அவர்களின் மரபை வைத்தால் அது வெறும் கண்காட்சி. என் கணக்கில் ஓஎல் பிரியாவிடைதான் பொருத்தம். முன்பள்ளி விழாவும் நல்ல இடம், ஏனென்றால் அங்கே எல்லாப் பிள்ளைகளும் இருப்பார்கள். ஆனால் அது வேறு நிர்வாகம், வேறு ஆட்கள். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இனி வழிகளுக்கு வருவோம். வழமைபோல நடத்துவது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். பாண்ட் வாத்தியம், மாலை, குத்துவிளக்கு, தேசிய கீதம், பாடசாலைக் கீதம், வரவேற்பு நடனம், அதிபர் உரை, பிந்தி வந்த பிரதம விருந்தினரின் நீண்ட உரை, சான்றிதழ், பொன்னாடை, நன்றியுரை, பெட்டிச் சாப்பாடு. யாரையும் புண்படுத்தாத நிகழ்ச்சி நிரல். ஆனால் அதில் உள்ள எல்லாமே எங்கிருந்தோ வந்து சேர்ந்தவைதான். வெள்ளைக்காரன் விட்டுப்போன பாண்டும் அங்கியும் நமக்கு அந்நியமாகத் தெரியவில்லை, பக்கத்து ஊர் ஆச்சியின் ஆசி மட்டும் "புதுப் பழக்கம்" என்று தெரிகிறது. அதனால் "எதையும் மாற்றாமல் விடுவதுதான் நடுநிலை" என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. இருந்தாலும் இந்த வழியை முற்றாகத் தள்ளிவிடவும் வேண்டாம். ஏன் என்பது பிறகு வரும்.

நடனம் என்ற யோசனைக்குத்தான் கூட்டத்தில் ஆதரவு அதிகம். செலவு குறைவு, பிள்ளைகளுக்கு விருப்பம், படம் எடுத்தால் அழகாக இருக்கும். நான் இதற்கு நேர் எதிர். முன்பு ஒரு பாடசாலைப் பரிசளிப்பில் இப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். பெடியன்கள் முகத்தில் கரி பூசி, இடுப்பில் மாவிலை கட்டி, கார்ட்போர்ட் மட்டையில் வெட்டிய வில்லோடு வந்தார்கள். ஒருவன் கழுத்தில் வெள்ளை ரெஜிபோமில் செதுக்கிய எலும்பு மாலை. ஒலிபெருக்கியில் ஏதோ சினிமாக் காட்டுவாசிப் பாட்டு. "ஹூ ஹூ" என்று துள்ளினார்கள், சனம் சிரித்துக் கைதட்டியது. கரையோர வேடர் யாரும் மாவிலை கட்டிக்கொண்டு திரிவதில்லை. சாரமும் சேர்ட்டும்தான் உடுப்பு, பெண்கள் சேலையும் சட்டையும். எங்கேயும் இல்லாத ஒரு வேடரை நாமே கற்பனையில் உண்டாக்கி, அவர்களின் பிள்ளைகளுக்கு முன்னால் ஆடிக் காட்டுகிறோம். பெயர் சொல்லிக் கூப்பிடாமல் "டேய் வேடன்" என்று கூப்பிடும் பழக்கம் வகுப்பறைகளில் ஏற்கெனவே உண்டு. அடுத்த நாள் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"நியூசிலாந்தில் பாடசாலை விட்டுப் போகிறவர்களுக்காக மற்ற மாணவர்கள் ஹக்கா ஆடுகிறார்களே, அதுவும் நடனம்தானே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே பழங்குடிகளான மாவோரிகளின் பாட்டும் ஆட்டமும் சேர்ந்த கபா ஹக்கா பல பாடசாலைகளில் வருடம் முழுக்கப் பழக்கப்படுகிறது. உயர்நிலைப் பாடசாலைகளுக்குத் தேசிய மட்டப் போட்டியே இருக்கிறது. பாடுவது மாவோரி மொழியில். விழா நாளில் மேடையில் வருவது அந்தப் பழக்கத்தின் ஒரு துளி. நம்மிடம் அந்த அடித்தளம் எதுவும் இல்லாமல், விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பழக்கும் நடனம் அதற்கு ஈடாகாது. இலையில் ஓரமாக வைக்கும் ஊறுகாய் போலத்தான் இருக்கும்.

உடை விடயத்துக்கு வருவோம். கழுகிறகு யோசனையைச் சொன்ன தம்பி மேல் எனக்குக் கோபமில்லை, வீடியோவைப் பார்த்தால் யாருக்கும் அந்த ஆசை வரும். ஆனால் அந்த இறகின் கதை வேறு. வட அமெரிக்கப் பழங்குடிகளிடம் கழுகிறகு கடையில் வாங்கிக் குத்துகிற அலங்காரம் இல்லை. ஒரு பிள்ளை ஏதோ ஒன்றைச் சாதித்தது என்று குடும்பமோ மூத்தவர்களோ கொடுப்பது. அமெரிக்காவில் கழுகுகளைக் காக்கும் சட்டத்தின்படி மற்றவர்கள் அந்த இறகை வைத்திருக்கவே முடியாது. அப்படி இருந்தும் பட்டமளிப்பு நாளில் "உடை ஒழுங்குக்கு மாறானது" என்று பல பாடசாலைகள் பிள்ளைகளைத் தடுத்தன. மொன்டானா மாநிலம் 2017 இல் இதை அனுமதித்துச் சட்டம் கொண்டுவந்தது. ஒக்லஹோமாவில் 2023 இல் ஆளுநர் அப்படி ஒரு சட்டத்தை மறுத்தார், சட்டசபை அந்த மறுப்பைத் தாண்டி அதை நிறைவேற்றியது. அங்கே பிரச்சினை, பிள்ளையிடம் ஏற்கெனவே இருந்ததைப் பாடசாலை தடுத்தது. இங்கே கரையோர வேடர் பிள்ளையிடம் அப்படி மேடைக்கு அணிந்து வரும் தனி உடையோ சின்னமோ இல்லை. இல்லாத ஒன்றைத் தம்பானையிலிருந்து இரவல் வாங்கித் தோளில் கோடரி மாட்டினால், அது இன்னொரு மாவிலை வேடம்தான். ஒன்று மட்டும் செய்யலாம்: ஒரு குடும்பம் தன் பிள்ளைக்குக் காப்போ கயிறோ கட்டி அனுப்பினால், சீருடை விதியைக் காட்டிக் கழற்றச் சொல்லக் கூடாது என்று ஒழுங்காற்று ஆசிரியருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது. அதற்கு மேல் உடையில் எதுவும் வேண்டாம்.

சடங்கைக் கொண்டுவரும் யோசனை மரியாதையில் பிறந்தது. ஆனால் எல்லாவற்றிலும் ஆபத்தானதும் அதுதான். கரையோர வேடரின் சமய வாழ்க்கையின் மையமே வருடாந்தச் சடங்கு. பந்தல் போட்டு, மடை வைத்து, பாட்டும் கொட்டுமாகத் தெய்வங்களை ஒவ்வொன்றாக அழைத்து, ஆட்கள் கலை வந்து, அதாவது தெய்வம் ஏறி, ஆடுவார்கள். 1911 ஆய்விலேயே கப்பலோடு தொடர்புள்ள தெய்வங்களுக்கு ஆடும் ஆட்டம் பற்றிய குறிப்பு இருக்கிறது. கடலைப் பார்த்து வாழ்ந்த சனத்தின் தெய்வம் கப்பலில் வருவதில் ஆச்சரியம் என்ன? இதைப் பத்து நிமிட நிகழ்ச்சியாக வெட்டி, "அடுத்து இடம்பெறுவது" என்று அறிவித்து, நடுவில் ஒலிவாங்கி கீச்சிட, மேடையில் போட முடியாது. கலை வந்தவரை யார் இறக்குவது? துடக்கு, விரதம், மாமிசம் பற்றிய கட்டுப்பாடுகளை மண்டபத்தில் யார் காப்பது? கும்பம் தூக்கும் நவராத்திரி இரவை வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பாடசாலையில் வைக்கச் சொன்னால் திருகோணமலைச் சனம் ஒத்துக்கொள்ளுமா? அதேதான் இதுவும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த ஊர்களில் பல குடும்பங்கள் கிறிஸ்தவ சபைகளில் சேர்ந்துவிட்டன. அவர்களும் வேடர்தான், ஆனால் சடங்குக்குப் போவதில்லை. சடங்கை மேடையில் வைத்தால் அந்த வீட்டுப் பிள்ளைகள் பாதிப் பேர் ஒதுங்கி நிற்பார்கள். சடங்கைப் பிள்ளைகள் அறிய வேண்டும் என்றால், அது நடக்கிற காலத்தில், அழைப்பு இருந்தால், விரும்பியவர்கள் ஊருக்குப் போய்ப் பார்க்கட்டும்.

மூத்தவர் ஒருவரை அழைத்துப் பேச வைப்பது பற்றி. இதற்கு அவுஸ்திரேலியாவில் நன்றாகப் பழகிப்போன ஒரு முறை இருக்கிறது. 1976 இல் பேர்த் நகரில் நடந்த கலை விழா ஒன்றுக்கு வந்த மாவோரி மற்றும் குக் தீவு நடனக் குழுவினர், அந்த மண்ணுக்குரியவர்கள் தங்களை வரவேற்காமல் ஆட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது அவுஸ்திரேலியப் பழங்குடிக் கலைஞர்களான ரிச்சர்ட் வாலியும் ஏர்னி டிங்கோவும் சேர்ந்து ஒரு வரவேற்பைச் செய்தார்கள். அதிலிருந்து வளர்ந்த வழக்கத்தில் இன்று இரண்டு நிலை உண்டு. அந்த மண்ணுக்குரிய மூத்தவர் மட்டுமே செய்யக்கூடிய வரவேற்பு ஒன்று. அவர் இல்லாத இடத்தில் யாரும் சொல்லக்கூடிய மரியாதை வார்த்தைகள் மற்றது. வரவேற்புச் செய்யும் மூத்தவருக்குப் பணம் கொடுப்பதும் அங்கே சாதாரணம். நமக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த ஒழுங்குதான்: எது அவர்கள் மட்டும் செய்ய வேண்டியது, எதை நாம் செய்யலாம் என்ற கோடு.

அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவரவும் முடியாது. "இந்த மண்ணின் முதல் உரிமையாளர்களான" என்று அதிபர் ஒலிவாங்கியில் வாசித்தால், விழா முடியும் முன்பே வாசலில் சண்டை தொடங்கிவிடும். திருகோணமலையில் காணி என்பது சாதாரணச் சொல் இல்லை. சம்பூர்ச் சனம் காணிக்காக எத்தனை வருடம் முகாமில் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். யார் முதலில் வந்தது என்ற கேள்விக்கு இங்கே தமிழர், முஸ்லிம், சிங்களவர் ஒவ்வொருவரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கிறது. ஆகவே மண்ணுரிமைப் பிரகடனம் வேண்டாம். பிள்ளைகள் வந்த ஊர்களைப் பெயர் சொல்லி வாசித்தால் போதும். "நல்லூர், பாட்டாளிபுரம், இலக்கந்தையிலிருந்து வந்து படித்து முடித்த எங்கள் பிள்ளைகள்" என்று அதிபர் வாசித்தால் அதில் யாரும் குறை காண முடியாது, அந்த ஊர்ப் பெற்றோருக்கும் கேட்க நன்றாக இருக்கும். சம்பூர், கட்டைபறிச்சான், சேனையூர்ப் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பெயர்களும் வரட்டும். எல்லோரோடும் சேர்த்து அவர்களையும் வாசிப்பதுதான் முக்கியம்.

தேன் யோசனை எனக்குப் பிடித்தது, கூட்டத்தில் அதைச் சொன்னது ஒரு தாய். இனிப்புப் பெட்டிக்குப் பதில், விட்டுப்போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த ஊர்களில் எடுத்த தேன் ஒரு சின்னப் போத்தல். காசு அந்தக் குடும்பங்களுக்கே போகும், பாசாங்கு எதுவும் இல்லை. நடைமுறையில் இரண்டு தடைகள். தேன் பருவத்துக்குரியது, விழாத் திகதி வலயக் கல்வி அலுவலகத்தின் நாட்காட்டியைப் பொறுத்தது. இரண்டும் ஒத்து வராவிட்டால் யாரோ சந்தையில் சீனிப்பாகு கலந்த தேனை வாங்கி லேபல் ஒட்டிவிடுவார்கள், அதற்குப் பேசாமல் இருக்கலாம். மற்றது, காட்டுக்குள் போவதற்கு இருக்கும் கட்டுப்பாடுகள். பாடசாலை பெரிய அளவில் கேட்டு ஒருவரை வம்பில் மாட்டிவிடக் கூடாது. கிடைத்தால் தேன், வைகாசி ஆனியில் விழா வந்தால் பாலைப்பழமோ வீரப்பழமோ, கிடைக்காவிட்டால் வழமையான லட்டு.

பிள்ளைகளே மூத்தவர்களிடம் போய்ப் பேசிப் பதிவு செய்து, அதிலிருந்து சில நிமிடங்களை விழாவில் காட்டுவது இன்னொரு வழி. எந்த மரத்தில் தேன் கட்டும், அல்லைக் கிழங்கை எப்படித் தோண்டுவது, களப்பில் எந்தப் பருவத்தில் என்ன மீன் என்பதெல்லாம் அப்பப்பாவின் வாயால் வந்தால் பேரப்பிள்ளைக்கு அது பெருமை. நீண்ட காலத்துக்கு இதுவே சிறந்தது என்று நினைக்கிறேன். ஆனால் இது விழா வேலை இல்லை, ஒரு வருட வேலை. ஒரு வரலாற்று ஆசிரியரோ தமிழ் ஆசிரியரோ முழு மனதோடு இறங்க வேண்டும். அப்புறம், பதிவுகள் யாருடையவை என்ற கேள்வி. ஐநா சபை 2007 இல் பழங்குடிகளின் உரிமைப் பிரகடனத்தை ஏற்றபோது இலங்கையும் ஆதரவாக வாக்களித்தது. அதன் 31 ஆவது உறுப்புரை, தங்கள் பண்பாட்டு மரபையும் அறிவையும் தாங்களே கட்டுப்படுத்தும் உரிமை அவர்களுக்கு உண்டு என்கிறது. நடைமுறையில் அதன் பொருள்: கேட்காமல் யூடியூபில் ஏற்றக் கூடாது, ஒரு பிரதி அந்த வீட்டுக்குப் போக வேண்டும், சடங்குப் பாட்டைப் பதிவு செய்ய வேண்டாம் என்றால் கைபேசியை மடித்து வைக்க வேண்டும்.

"பிரித்துக் காட்டுவதால் பிள்ளைகளுக்குத்தான் கரைச்சல், எல்லோரும் தமிழ்ப் பிள்ளைகள்தானே" என்ற வாதத்தையும் கூட்டத்தில் கேட்டேன். இதை லேசாகத் தள்ள முடியாது. தங்களை வேடர் என்று வெளியில் சொல்ல விரும்பாத குடும்பங்கள் உண்டு, அது அவர்கள் விருப்பம். அதனால்தான் பிள்ளையைத் தனியாக எழுப்பி நிறுத்துகிற எந்த வழியையும் நான் விலக்குகிறேன். உடையும் நடனமும் பிள்ளையின் உடம்பில் அடையாளத்தைப் போடுகின்றன. மூத்தவரின் பேச்சும், ஊர்ப் பெயரும், தேனும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக வருகின்றன.

ஆக என் வாக்கு இதற்கு: ஓஎல் பிரியாவிடையில் மூத்தவர் ஒருவர் தன் சொல்லில் ஐந்து நிமிடம் பேசுவார், பிரதம விருந்தினரோடு நின்று சான்றிதழ்களையும் கொடுப்பார். அதிபர் ஊர்களின் பெயரை வாசிப்பார். தேன் கிடைத்தால் தேன். பதிவு வேலையை அடுத்த வருடத்துக்குத் தொடங்கலாம். மூத்தவரின் பேச்சை நிகழ்ச்சியின் தொடக்கத்தில் வைக்க வேண்டாம். விருந்தினர் பிந்தினால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். சான்றிதழ் வழங்குவதற்கு நேர் முன்னால் வைத்தால் யாராலும் வெட்ட முடியாது. இருக்கை முன்வரிசையில், பிரதேச செயலாளர் வந்தாலும் எழுப்பாத இடத்தில். அன்று அவர் தொழிலுக்குப் போகாததற்கு ஒரு நாள் கூலியும், வந்து போக முச்சக்கரவண்டிக் காசும் சங்கக் கணக்கில் எழுதப்பட வேண்டும். பொன்னாடை மட்டும் போர்த்தி வெறுங்கையோடு அனுப்பும் நம் பழக்கம் இங்கே வேண்டாம்.

யாரை அழைப்பது என்பதை நாம் தீர்மானிக்கக் கூடாது. கடிதம் போட்டு அழைப்பதும் சரிவராது. இரண்டு மூன்று பேர் ஊருக்குப் போய், வீட்டுத் திண்ணையில் இருந்து, தேநீர் குடித்து, யார் வருவது, அப்புவா ஆச்சியா, எதைப் பேசுவார், எதை நாம் பேசக் கூடாது, எந்த நாட்களில் வர முடியாது என்று கேட்க வேண்டும். சபைக்குப் போகும் குடும்பங்களிடமும் தனியாகக் கேட்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு முன் இதைச் செய்துவிடலாம். போய்க் கேட்டபின் "எங்களுக்கு இது வேண்டாம், தம்பி" என்று அவர்கள் சொன்னால் விழா வழமைபோலவே நடக்கட்டும், ஊர்ப் பெயர்களை மட்டும் வாசிப்போம். நடன ரீச்சரிடம் மாவிலைக்கு ஆள் அனுப்ப வேண்டாம் என்று இப்போதே சொல்லி வைப்பது நல்லது.